அபெபே பிக்கிலா வெறுங்கால்ல ஓடுனது வறுமையாலயா? முழு கதை

கேள்வி இதுதான்: 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல எத்தியோப்பியாவோட அபெபே பிக்கிலா ஷூ வாங்க வழியில்லாம வெறுங்கால்ல ஓடி மாரத்தான்ல தங்கம் ஜெயிச்சாருன்னு வாட்ஸப்ல சுத்திக்கிட்டே இருக்கே, அது உண்மையா, அதுக்கப்புறம் அவருக்கு என்ன ஆச்சு, நாமளும் வெறுங்கால்ல ஓடிப் பழகலாமா?

வெறுங்கால்ல ஓடுனது நிஜம், தங்கம் ஜெயிச்சது நிஜம், ஷூ வாங்க வழியில்லங்கறது மட்டும் தப்பு. ரோமுக்குப் போனப்புறம் அவரு புது ஷூ வாங்கவே செஞ்சாரு, அது காலுக்கு சரியா அமையல, கடிச்சு கொப்புளம் போட்டுருச்சு. கொப்புளத்தோட 42 கிலோமீட்டர் ஓட முடியாது, ஊர்ல வெறுங்கால்ல ஓடிப் பழகின ஆளுதான், அதனால ஷூவை கழட்டி வெச்சுட்டாரு. அவ்வளவுதான் விஷயம். எனக்கு இந்த ஷூ வாங்க முடியாத கதை மேல ரொம்ப நாளா ஒரு கோவம் உண்டு, ஏன்னா அது அந்த மனுஷனோட உழைப்பை அப்படியே மறைச்சுடுது, மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு ஏழைப் பையன் ஏதோ அதிர்ஷ்டத்துல ஜெயிச்சுட்டான்ங்கற மாதிரி ஆக்கிடுது. அன்னைக்கு ராத்திரி அவரு ஓடுனது வருஷக்கணக்கா தயாராகி, எதிராளி யாரு, எந்த இடத்துல வேகத்தைக் கூட்டணும்னு யோசிச்சு வெச்சுட்டு ஓடுன ஓட்டம்.

பேரைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன், எத்தியோப்பியாவுல குடும்பப் பேரு கிடையாது, நம்ம ஊர் மாதிரிதான், அபெபே அவரு பேரு, பிக்கிலா அவங்க அப்பா பேரு. அதனால பிக்கிலான்னு மட்டும் எழுதுறது அப்பாவைக் கூப்பிடுற மாதிரி, நான் அபெபேன்னே எழுதறேன்.

பொறந்தது 1932 ஆகஸ்ட் 7, ஜாட்டோங்கற சின்ன மலை கிராமம். ஆச்சரியமான ஒற்றுமை என்னன்னா, லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸ் மாரத்தான் நடந்ததும் அதே நாள்தான். அவருக்கு மூணு வயசு இருக்கும்போது, 1935ல, முசோலினியோட இத்தாலி எத்தியோப்பியா மேல படையெடுத்துச்சு, 1936லேருந்து 1941 வரைக்கும் நாடு அவங்க கையில இருந்துச்சு, அபெபே குடும்பமும் அந்த சமயத்துல ஊரை விட்டு வேற இடத்துக்குப் போக வேண்டி வந்துச்சு. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, ரோம் பந்தயத்துக்கு இது ரொம்ப முக்கியம். சின்ன வயசுல அவரு விளையாடுனது கென்னான்னு ஒரு விளையாட்டு, ஹாக்கி மாதிரி, ஆனா ரெண்டு பக்க கோலுக்கும் நடுவுல சில சமயம் கிலோமீட்டர் கணக்குல தூரம் இருக்குமாம்.

பெரியவனானதும் தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு வந்து பேரரசர் ஹைலி செலாசியோட மெய்க்காவல் படையில சேந்தாரு. அடிஸ் அபாபா கடல் மட்டத்துலேருந்து 2,300 மீட்டருக்கு மேல இருக்கற ஊரு, நம்ம ஊட்டியை விட உயரம், காத்துல ஆக்சிஜன் கம்மி, அங்கயே பொறந்து வளந்து ஓடுற உடம்பு கீழ வந்து ஓடும்போது அதுக்கு ஒரு பலம் கூடுதலா கிடைக்கும். சுலுல்டா மலைப் பக்கத்துலேருந்து நகரத்துக்கு 20 கிலோமீட்டர் ஓடி வந்து திரும்ப ஓடிப் போறது அவருக்கு தினசரி வழக்கம். அப்படி ஓடும்போதுதான் ஒன்னி நிஸ்கானென் கண்ணுல பட்டாரு. நிஸ்கானென் பொறந்தது பின்லாந்து, வளந்தது ஸ்வீடன், எத்தியோப்பிய படைக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்த ராணுவ அதிகாரி.

இந்த கோச்சைப் பத்தி பேசாம அபெபேயைப் பத்தி பேசவே முடியாது. வெறுமனே தூரம் ஓட விட்டுட்டு விடுற ஆளு இல்ல நிஸ்கானென், வேகமா கொஞ்ச தூரம், நடுவுல மெதுவா, மறுபடி வேகமான்னு இன்டர்வல் ட்ரெய்னிங், மேட்டுல ஏறி ஓடுறது, நீண்ட தூர ஓட்டம், எல்லாத்தையும் அளந்து குறிச்சு வெச்சு செஞ்சவரு. ஐரோப்பாவோட ட்ரெய்னிங் முறையும் எத்தியோப்பிய மலையும் ஒண்ணா சேந்த இடம் அது. அபெபே உடனே எல்லாத்தையும் ஜெயிச்சுடல, 1956 ராணுவ சாம்பியன்ஷிப் போட்டியில வாமி பிராட்டுங்கற வீரருக்கு அடுத்து ரெண்டாவதாதான் வந்தாரு. அவரு மாரத்தான் பக்கம் வந்ததே 1960லதான். அந்த வருஷம் அடிஸ் அபாபாவுல நடந்த ஓட்டத்துல அவரு ஓடுன நேரம், 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸ்ல செக்கோஸ்லோவாக்கியாவோட எமில் ஸாட்டோபெக் வெச்ச ஒலிம்பிக் ரெக்கார்டை விடக் கம்மி. அதுவும் அந்த உயரத்துல! ஆனா வெளிநாட்டுல யாரும் அதைக் கவனிக்கல, எத்தியோப்பியா ஒலிம்பிக்ஸுக்கு வர ஆரம்பிச்சதே 1956லதான், அங்கேருந்து ஒருத்தன் மாரத்தான் ஜெயிப்பான்னு யாருக்கும் தோணல. இவரு கடைசி நேரத்துல வேற ஒருத்தருக்குப் பதிலா டீம்ல சேந்தவருன்னும் ஒரு கதை சுத்துது. அந்த ஓட்டத்தோட நேரத்தைப் பாத்தா, அவரைக் கூட்டிட்டுப் போகாம இருந்திருந்தாதான் ஆச்சரியம்.

இப்ப ரோம். 1960 செப்டம்பர் 10. வெயிலைத் தவிர்க்கறதுக்காக சாயங்காலம் ஆரம்பிச்சு இருட்டினப்புறம் முடியற மாதிரி வெச்சாங்க. ஸ்டேடியத்துல ஆரம்பிக்கல, ஸ்டேடியத்துல முடியவும் இல்ல, கேப்பிடோலின் குன்றுகிட்ட ஆரம்பிச்சு, பழைய ஆப்பியன் சாலை வழியா வந்து, கான்ஸ்டன்டைன் வளைவுகிட்ட முடியுது. ரோடு ஓரமா இத்தாலிய ராணுவ வீரர்கள் தீப்பந்தம் பிடிச்சுட்டு நிக்கறாங்க. கல் பாவின ரோடு, இருட்டு, அதுல பச்சை பனியன், சிவப்பு ஷார்ட்ஸ், 11ம் நம்பர், வெறுங்காலோட ஒருத்தர்.

இந்த இடத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. நிஸ்கானென் முன்னாடியே சொல்லி அனுப்பிச்சிருந்தாரு, உனக்கு முக்கியமான போட்டி மொராக்கோவோட ராடி பென் அப்தெசலாம், அவரோட நம்பர் 26, அவரைக் கவனிச்சுக்கோன்னு. ஆனா ராடி மாரத்தானுக்கு வந்தது 185ம் நம்பரைக் குத்திக்கிட்டு, 26 அவரு 10,000 மீட்டர்ல போட்டிருந்த நம்பர். அபெபேக்கு ராடியோட முகம் தெரியாது. ஒவ்வொருத்தரா தாண்டிப் போறாரு, 20 கிலோமீட்டர் வாக்குல ரெண்டே பேருதான் முன்னாடி இருக்காங்க, அபெபேயும் 185ம் நம்பர்காரரும், பக்கத்துப் பக்கத்துல தோளோடு தோளா ஓடறாங்க, அபெபேயோட கண்ணு மட்டும் இன்னும் முன்னாடி இருட்டுல 26ஐத் தேடிட்டே இருக்கு. யாரை ஜெயிக்கணும்னு வந்தாரோ அவரு கூடவே ஒரு மணி நேரம் ஓடிட்டு, அவரு இன்னும் முன்னாடி போயிட்டிருக்காருன்னு நெனச்சுட்டே பேஸைக் குறைக்காம ஓடிருக்காரு. நினைச்சுப் பாத்தா எனக்கு இப்பவும் சிலிர்க்குது.

பாதை கடைசியில வர்ற வழியில ஒரு கல் தூண் நின்னுச்சு, ஆக்சும் தூண். எத்தியோப்பியாவோட பழைய ராஜ்ஜியத்துது, 1937ல முசோலினியோட ஆளுங்க பேத்தெடுத்துட்டு வந்து ரோம்ல நட்டு வெச்சது. அதைத் தாண்டினா எல்லைக்கோடு பக்கம்தான். அந்தத் தூண்கிட்ட வந்ததும் வேகத்தைக் கூட்டணும்னு பாதையைப் பாக்கப் போனப்பவே அபெபேயும் கோச்சும் முடிவு பண்ணிட்டாங்கன்னு அந்தப் பந்தயத்தைப் பத்தி எழுதின பலரும் சொல்றாங்க. எப்படியோ, கடைசி கட்டத்துல அபெபே வெடிச்சுப் போன வேகத்துக்கு ராடியால ஈடு கொடுக்க முடியல. அபெபே 2 மணி 15 நிமிஷம் 16.2 செகண்ட், ராடி 25 செகண்ட் பின்னாடி, மூணாவதா நியூசிலாந்தோட பேரி மகீ. சோவியத்தோட செர்கேய் பொப்போவ் 1958ல வெச்ச உலக ரெக்கார்டு 2:15:17, அதை முழுசா ஒரு செகண்ட் கூட இல்லாத வித்தியாசத்துல முறியடிச்சாரு, ஸாட்டோபெக்கோட ஒலிம்பிக் ரெக்கார்டை மட்டும் கிட்டத்தட்ட எட்டு நிமிஷம் தாண்டிட்டாரு. சஹாராவுக்குத் தெற்கே இருக்கற ஆப்பிரிக்காவிலிருந்து ஒலிம்பிக் தங்கம் ஜெயிச்ச முதல் கறுப்பின வீரர் அவருதான். தன் நாட்டை ஆக்கிரமிச்சவங்களோட தலைநகரத்துல, அவங்க படை வீரர்கள் பிடிச்ச பந்த வெளிச்சத்துல, தன் நாட்டுலேருந்து எடுத்துட்டு வந்த தூணைத் தாண்டி ஓடிப் போய் ஜெயிச்சாரு. எத்தியோப்பியாவுல அன்னைக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. (அந்தத் தூணை 2005ல இத்தாலி திருப்பிக் கொடுத்துச்சு, 2008ல ஆக்சும்ல மறுபடி நிறுத்திட்டாங்க.)

ஊருக்கு வந்ததும் பேரரசர் பதக்கம் கொடுத்தாரு, படையில பதவி உயர்வு. ஆனா மூணு மாசம் கூட நிம்மதியா இருக்க முடியல. 1960 டிசம்பர்ல மெய்க்காவல் படையோட தளபதியே பேரரசருக்கு எதிரா ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயற்சி பண்ணாரு, அது தோத்துப் போச்சு, அந்தப் படையில இருந்ததால அபெபேயையும் பிடிச்சு உள்ள வெச்சாங்க, அதுல அவருக்கு சம்பந்தமில்லன்னு தெரிஞ்சு விட்டுட்டாங்க.

1961ல ஏதென்ஸ், ஜப்பான்ல ஒசாகா, செக்கோஸ்லோவாக்கியாவுல கோஷீட்சே, மூணு மாரத்தானும் ஜெயிச்சாரு. ஒசாகாவுலதான் கிஹாச்சிரோ ஒனிட்சுகா, இன்னைக்கு ஆசிக்ஸ்னு நமக்குத் தெரிஞ்ச கம்பெனியை ஆரம்பிச்சவரு, நேர்ல வந்து பாத்து எங்க ரோடு ரொம்ப முரடு, ஷூ போட்டுக்குங்கன்னு பேசிப் பேசி சம்மதிக்க வெச்சாரு. 1963 பாஸ்டன்ல மட்டும் அஞ்சாவது இடம். ஓடி முடிச்சும் அவரு ஜெயிக்காத சர்வதேச மாரத்தான் அது ஒண்ணுதான். மொத்தம் 16 மாரத்தான் ஓடுனதுல 12 வெற்றி, மாரத்தான் ஓடுற யார்கிட்ட வேணா கேளுங்க, இது எப்பேர்ப்பட்ட கணக்குன்னு சொல்வாங்க.

டோக்கியோ, 1964. என்னைக் கேட்டா ரோமை விட இதுதான் அவரோட பெரிய ஓட்டம், ஆனா வெறுங்கால் இல்லாததால இதைப் பத்தி யாரும் அவ்வளவா பேச மாட்டேங்கறாங்க. பந்தயம் அக்டோபர் 21. செப்டம்பர் நடுவுல அவருக்கு குடல்வால் ஆபரேஷன். அந்தக் காலத்து ஆபரேஷன், வயித்தைக் கிழிச்சு தைச்சது, இன்னைக்கு மாதிரி சின்ன ஓட்டை போட்டு முடிக்கறது இல்ல. அஞ்சு வாரத்துல ஒலிம்பிக் மாரத்தான். ஓடுவாரான்னே சந்தேகம், ஓடுனாரு, புமா ஷூ, சாக்ஸ், 17ம் நம்பர். ஆரம்பத்துல ஆஸ்திரேலியாவோட ரான் கிளார்க் பயங்கர வேகத்துல இழுத்துட்டுப் போனாரு, அவரும் அயர்லாந்தோட ஜிம் ஹோகனும் அபெபேயும் முன்னாடி, பாதி தூரத்துல கிளார்க் பின்தங்கிட்டாரு, அப்புறம் ஹோகனும் விட்டுட்டாரு, அதுக்கப்புறம் அபெபே தனியா ஓடுன ஓட்டம்தான். அந்த ஃபிலிமைப் பாருங்க, முகத்துல ஒரு சுளிப்பு இருக்காது, தலை ஆடாது, தோள் ஏறாது.

2:12:11.2, மறுபடி உலக ரெக்கார்டு. ரெண்டாவது ஆளு ஸ்டேடியத்துக்குள்ள வர்றதுக்கே நேரம் ஆகும், நாலு நிமிஷத்துக்கு மேல இடைவெளி. அந்த நேரத்துல அபெபே என்ன பண்ணாரு தெரியுமா, நடுவுல புல்லுல படுத்துக்கிட்டு கால் தூக்கி மடக்கி நீட்டி எக்ஸர்சைஸ் பண்ணிட்டிருந்தாரு, மொத்த ஸ்டேடியமும் வாயைப் பொளந்து பாத்துட்டிருந்துச்சு. அதுக்கப்புறம் ஜப்பானோட சுபுராயா ரெண்டாவதா உள்ள வந்தாரு, தன் ஜனங்க முன்னாடி ஸ்டேடியத்துக்குள்ளயே பிரிட்டனோட பேசில் ஹீட்லி அவரைத் தாண்டிட்டாரு, மூணு செகண்டுல வெள்ளி போயிடுச்சு. பதக்கம் கொடுக்கும்போது பேண்டுக்கு எத்தியோப்பியா தேசிய கீதம் தெரியல, ஜப்பான் கீதத்தையே வாசிச்சாங்க. ஒலிம்பிக் மாரத்தானை ரெண்டு தடவை ஜெயிச்ச முதல் ஆளு அபெபே. அவருக்கப்புறம் ஆண்கள்ல இதை செஞ்சவங்க கிழக்கு ஜெர்மனியோட வால்டெமார் சியர்பின்ஸ்கியும் கென்யாவோட எலியூட் கிப்சோகேயும், ரெண்டே பேரு. பேரரசர் இந்த வெற்றிக்கு ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் பரிசா கொடுத்தாரு.

1965, 1966லயும் ஜெயிச்சாரு, 1967ல கால்ல அடி, அதுலேருந்து முழுசா மீளல. 1968 மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக்ஸ்ல 1ம் நம்பரைக் குத்திக்கிட்டு இறங்கி 17 கிலோமீட்டர் வாக்குல நின்னுட்டாரு. ஆனா அவரோட அதே படையில இருந்த, அதே கோச்கிட்ட வளந்த மாமோ வோல்டே தங்கம் ஜெயிச்சாரு, வரிசையா மூணாவது மாரத்தான் தங்கம் எத்தியோப்பியாவுக்கு.

1969 மார்ச் 22 ராத்திரி அந்த பீட்டில் கார் ரோட்டை விட்டு விலகி கவுந்துருச்சு. அடியில சிக்கிக்கிட்டு விடியற வரைக்கும் கிடந்தாரு. கழுத்துல அடி, முதல்ல கையும் வரல காலும் வரல. ஒரு வாரத்துல இங்கிலாந்துல ஸ்டோக் மாண்டெவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, எட்டு மாசம் சிகிச்சை. கை திரும்ப வந்துச்சு, கால் வரவே இல்ல. வயசு 36.

அந்த ஆஸ்பத்திரியைப் பத்தியும் சொல்லணும். முதுகுத்தண்டு அடிபட்டவங்களை படுக்கையிலயே போட்டு வெக்கற காலத்துல, இவங்க விளையாடணும், போட்டி போடணும்னு சொன்ன டாக்டர் லுட்விக் கட்மன் ஆரம்பிச்ச பிரிவு அங்கதான் இருந்துச்சு. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கின அதே நாள்ல அங்க சக்கர நாற்காலியில இருக்கறவங்களுக்கு வில்வித்தைப் போட்டி வெச்சாரு, அதுதான் வளந்து பாராலிம்பிக்ஸ் ஆச்சு. முதல் பாராலிம்பிக்ஸ்னு இன்னைக்கு நாம சொல்றது எங்க எப்ப நடந்துச்சுன்னா, ரோம்ல, 1960 செப்டம்பர் 18ல தொடங்கி. அபெபே வெறுங்கால்ல ஓடி ஜெயிச்சு எட்டு நாள் கழிச்சு, அதே ஊர்ல.

அந்த ஆஸ்பத்திரியில அவரும் அதைத்தான் கத்துக்கிட்டாரு. 1970ல ஸ்டோக் மாண்டெவில் போட்டிகள்ல வில்வித்தையிலயும் டேபிள் டென்னிஸ்லயும் கலந்துக்கிட்டாரு. 1971ல நார்வேயில மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டிக்குப் போய், பனியில நாய் இழுக்கற ஸ்லெட்ஜ் வண்டியில 25 கிலோமீட்டர் பந்தயத்துல ஜெயிச்சாரு. பனியே இல்லாத ஊர்ல பொறந்தவரு, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லாதவரு, அந்த ஊர்க்காரங்களை அவங்க பந்தயத்துலயே ஜெயிச்சாரு. அவரை வெறுங்கால் ஓட்டக்காரர்னு மட்டும் சொல்றவங்க இதைச் சொல்றதே இல்ல, எனக்கு இதுதான் பெரிய வருத்தம். 1972 ம்யூனிக் ஒலிம்பிக்ஸுக்கு விருந்தாளியா கூப்பிட்டாங்க, சக்கர நாற்காலியில வந்தவருக்கு ஸ்டேடியமே எழுந்து கை தட்டுச்சு, அந்த வருஷம் மாரத்தான் ஜெயிச்ச அமெரிக்காவோட ஃபிராங்க் ஷார்ட்டர் மெடலை வாங்கிட்டு நேரா அபெபேகிட்ட போய் கை குலுக்கினாரு.

1973 அக்டோபர் 25, மூளையில ரத்தக்கசிவு, 41 வயசுல இறந்துட்டாரு. விபத்தோட விளைவுதான் அது. இறுதி ஊர்வலத்துக்கு ஆயிரக்கணக்கான ஜனங்க, பேரரசரே வந்தாரு, நாடு முழுக்க துக்கம் அறிவிச்சாங்க.

அவருக்கப்புறம் வந்த எத்தியோப்பிய ஓட்டக்காரங்க பட்டியல் பெருசு, மிருட்ஸ் இஃப்டர், டெரார்ட்டு துலு, ஹைலி கெப்ரெசெலாசி, கெனெனிசா பெக்கெலே, 2024 பாரிஸ் மாரத்தான்ல ஒலிம்பிக் ரெக்கார்டோட ஜெயிச்ச தமிராட் டோலா வரைக்கும். 2010 ரோம் மாரத்தான்ல அபெபேயோட 50ம் வருஷ ஞாபகமா எத்தியோப்பியாவோட சிராஜ் ஜெனா கடைசி 300 மீட்டருக்கு ஷூவைக் கழட்டிட்டு வெறுங்கால்ல ஓடி ஜெயிச்சாரு.

கடைசி கேள்வி, நாமளும் வெறுங்கால்ல ஓடலாமா. நம்ம நாட்டுலயும் ஷிவ்நாத் சிங் வெறுங்கால்ல ஓடிப் பேரெடுத்தவரு, 1978ல ஜலந்தர்ல அவரு வெச்ச 2:12:00 இந்திய ரெக்கார்டா பல பத்து வருஷம் நின்னுச்சு. ஆனா இவங்க ரெண்டு பேரும் சின்ன வயசுலேருந்தே அப்படி ஓடுனவங்க, பாதம், கணுக்கால், கெண்டைக்கால் எல்லாம் அதுக்கேத்த மாதிரி வளந்தது. முப்பது வயசு வரைக்கும் மெத்துனு ஷூ போட்டுட்டு திடீர்னு தார் ரோட்டுல வெறுங்கால்ல அஞ்சு கிலோமீட்டர் ஓடினா கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் போயிடும், பாத எலும்புல விரிசல் கூட விழும். ஆசையா இருந்தா புல்தரையில அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு மாசக்கணக்குல மெதுவா கூட்டுங்க, வலி வந்தா நிறுத்திடுங்க, சக்கரை வியாதி இருந்து கால்ல உணர்ச்சி கம்மியா இருக்கறவங்க இந்தப் பக்கமே வர வேணாம். அபெபேயே வெறுங்கால்ல ஓடுன ரோமை விட ஷூ போட்டு ஓடுன டோக்கியோவுல மூணு நிமிஷம் அஞ்சு செகண்ட் வேகமா ஓடினாரு. அவர்கிட்டேருந்து எதையாவது எடுத்துக்கணும்னா அந்த இன்டர்வல் ட்ரெய்னிங்கையும் மேட்டு ஓட்டத்தையும் எடுத்துக்குங்க, வாரத்துல ஒரு நாள் அது, ஒரு நாள் இது, மத்த நாள் எல்லாம் பேசிட்டே ஓடுற வேகத்துல.